நிற்காத கம்பிகள்

போன பங்குனி மாதத்தில் ஒரு புதன்கிழமை சாயங்காலம், அதிராம்பட்டினத்திலிருந்து, முன்பு நான் பியானோவுக்குச் சுருதி சேர்த்த வீட்டு அம்மாவின் அழைப்பு வந்தது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் அவர் எண்ணைப் பார்த்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்துவைத்தேன். மறுபடியும் அடித்தது. மூன்றாவது முறை எடுத்தேன்.

“டீச்சர், நீங்கதான் வரணும். பாப்பாவுக்கு நாளைக்குப் பரீட்சை. பியானோவில கைய வைக்கவே முடியல.”

அவர் மகளுக்கு அப்போது பதினேழு வயது. சென்னையில் இருக்கும் ஒரு ஆசிரியையிடம் ஆன்லைனில் பியானோ படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். எழுதுவது என்றால், நான்கு பாடல்களை நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பக் கடைசி நாள் மறுநாள்.

“டியூன் பண்ற அந்தத் திருச்சிக்காரரைக் கூப்பிடலையாக்கா?” என்று கேட்டேன்.

“அந்த ஆள இனிமே வாசப்படி ஏத்த மாட்டோம். நல்லா இருந்த பியானோவ அவருதான் கெடுத்துவெச்சுட்டுப் போயிட்டாரு. எங்க சொந்தக்காரங்க குரூப்புல எல்லாம் சொல்லிட்டேன், யாரும் அவரக் கூப்பிடாதீங்கன்னு. நீங்க வந்து சரிபண்ணப்ப எவ்வளவு நல்லா இருந்துச்சு.”

நாளைக் காலை வருகிறேன் என்றேன். பியானோவைக் கெடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

நான் யாரிடமும் முறையாகப் பியானோ டியூனிங் படித்தவள் இல்லை. தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு டீச்சராகப் போய்க்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு பழைய பியானோ மூலையில் கிடந்தது. சுருதி சேர்க்கச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும், அவர் வருவதாகச் சொன்ன தேதிகளில் ஒன்றில்கூட வரவில்லை. நானே இணையத்தில் ஒரு டியூனிங் சாவியும், கம்பிகளுக்கு நடுவே செருகும் ஃபெல்ட் துணி ஆப்புகளும் வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து ஆறு மாதம் அதில் பழகினேன். பியானோவில் இருநூற்றுச் சொச்சம் கம்பிகள் இருக்கின்றன. நடுக்கட்டைகளுக்கும் மேல்கட்டைகளுக்கும் ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பிகள். மூன்றும் ஒரே சுருதியில் நின்றால்தான் அது ஒரு ஸ்வரமாகக் கேட்கும். ஒன்று இம்மி விலகினாலும் ஒலி அலைய ஆரம்பிக்கும். இரண்டு கம்பிகளை ஆப்பு வைத்து அடக்கிவிட்டு ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும், பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக அதனோடு சேர்க்க வேண்டும். அலை மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றுபோகும் இடம் ஒன்று வரும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.

கம்பியின் ஒரு நுனி ஒரு இரும்பு முளையில் சுற்றியிருக்கும். பின் என்பார்கள். வீணைக்குப் பிருடை மாதிரி. அந்தப் பின்னை இறுக்கிப் பிடிக்க நட்டோ திருகோ கிடையாது. மரத்தில் போட்ட துளைக்குள் இறுக்கமாக நிற்கிறது, அவ்வளவுதான். மரத்தின் பிடி ஒன்றுதான் அத்தனை இழுப்பையும் தாங்குகிறது.

இது ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்குச் சரியாகத் தெரியாது. அப்போதுதான் அதிராம்பட்டினத்து வீட்டுக்கு முதல் முறை போனேன். வெளியாள் ஒருவர் நம்பி என்னைக் கூப்பிட்ட முதல் வேலைகளில் அது ஒன்று. அந்தப் பெண்ணின் வாப்பா வளைகுடாவில் வேலை பார்ப்பவர். மகளுக்காக எங்கோ பழைய பியானோ ஒன்றை விசாரித்து வாங்கிப் போட்டிருந்தார். கடல் காற்றில் பின்களெல்லாம் துருவேறிக் கிடந்தன. பதினாறு பின்கள் அசையவே இல்லை. சாவியை அழுத்தினால் கம்பி அறுந்துவிடும் போலிருந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர்தான் பைக்கில் கூட்டிப்போயிருந்தார். அவர் இரண்டு சக்கர வண்டி மெக்கானிக். என் தவிப்பைப் பார்த்துவிட்டு, “துருப் பிடிச்ச போல்ட்டுக்கு நாங்க இதத்தான் அடிப்போம்” என்று வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு எண்ணெய் ஸ்ப்ரே டின்னை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கி அடித்தேன். கால் மணி நேரத்தில் பதினாறும் லேசாகத் திரும்பின. எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று அந்த வீட்டில் எங்களுக்குப் பிரியாணி போட்டார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, டியூன் செய்கிறவர்கள் எழுதும் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னுக்கு எண்ணெய் விடலாமா என்று யாரோ கேட்டிருந்தார். விடவே கூடாது என்று பத்துப் பேர் பதில் எழுதியிருந்தார்கள். எண்ணெய் பின்னோடு உள்ளே இறங்கி மரத்தில் ஊறிவிடும், ஊறினால் வெளியே வராது, மரத்தின் பிடி போய்விடும், கம்பி நிற்காது. கணினியை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய் வெறுமனே நின்றேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “அதெல்லாம் காஞ்சிடும் விடு” என்றார். அதையே நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் சுருதி சேர்க்க அந்த அம்மா கூப்பிட்டபோது, பள்ளியில் ஆண்டு விழா என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். திருச்சியில் ஒருவர் இருக்கிறார் என்று அவர் எண்ணைக் கொடுத்தேன். என்னைவிடச் சின்னவர், ஒரு ஷோரூமில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர். நேரில் பார்த்ததில்லை, இரண்டு மூன்று முறை போனில் சந்தேகம் கேட்டிருக்கிறேன். அவர் அங்கே போய்விட்டு வந்து எனக்குப் போன் செய்தார்.

“மேடம், அந்த வீட்டுப் பியானோவில கொஞ்சம் பின் லூசா இருக்கு. நீங்க பார்த்தப்ப எப்படி இருந்துச்சு?”

“அப்ப நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

அவர் “சரிங்க மேடம்” என்று வைத்துவிட்டார்.

இத்தனையும் நினைத்துக்கொண்டுதான் வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு வீட்டுக்காரரின் பைக்கில் ஏறினேன். ஒரத்தநாடு தாண்டினோம். சம்பா அறுத்த வயல்களில் உளுந்துச் செடி காய்ந்து நின்றது. பட்டுக்கோட்டைக்கு முன்னால் ஒரு பாலத்தில் வண்டியை மெதுவாக்கி, அவர் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“சொல்லப் போறியா?”

“தெரியலங்க.”

“சொல்றதுன்னா முதல்லயே சொல்லிடு. வேலைய முடிச்சிட்டுச் சொன்னா நல்லா இருக்காது.”

“நீங்க வண்டியப் பார்த்து ஓட்டுங்க.”

அது நோன்பு மாதம். தெருவே அமைதியாக இருந்தது. அந்த அம்மா வாசலிலேயே நின்று காத்திருந்தார். உள்ளே போனதும் அந்தப் பெண் பியானோ முன்னால் உட்கார்ந்து, ஒரு பாடலின் நான்கு வரிகளை வாசித்தாள். நடுவுக்கு மேலே ஒரு பகுதி முழுதும் பிசிறடித்தது. தகர டப்பாவில் தட்டுகிற மாதிரி ஒரு கட்டை கேட்டது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

முன்பலகையைக் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்கள் வரிசையாக நின்றன. சிலவற்றைச் சுற்றி மட்டும் மரம் கறுத்திருந்தது, சின்னச் சின்ன வளையமாக. எண்ணினேன். பதினாறு. அந்த வளையங்களின் மேல் மஞ்சளாக ஏதோ வழிந்து நின்றது. விரலால் தொட்டேன், பிசுபிசுத்தது. தளர்ந்த பின்னைப் பிடிக்க வைக்க மெல்லிய பசையை விடுவது ஒரு வழி. திருச்சிக்காரர் அதைச் செய்து பார்த்திருக்கிறார். எண்ணெய் ஊறிய மரத்தில் அது இறுகாமல் அப்படியே நின்றுவிட்டது.

அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். “பார்த்தீங்களா டீச்சர், பசையெல்லாம் ஊத்தியிருக்காரு அந்த மனுசன்.”

“ம்” என்றேன்.

வேலையைத் தொடங்கினேன். முதல் கம்பியைச் சரியான இடத்துக்கு ஏற்றிச் சாவியை எடுத்தேன். போனில் சுருதி காட்டும் முள் நடுவில் நின்றது. பிறகு மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. யாரும் தொடவில்லை. பின் தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி இறங்கியது. பதினாறையும் சோதித்து முடித்தபோது மணி பத்தரை. ஒன்பது கட்டைகளில் அவை பரவியிருந்தன. மூன்று கட்டைகளில் ஒரு கம்பி மட்டும் நிற்கவில்லை. ஐந்தில் இரண்டிரண்டு. ஒரு கட்டையில் மூன்றும் நிற்கவில்லை. அந்தக் கட்டைதான் அவளுடைய மூன்றாவது பாட்டில் திரும்பத் திரும்ப வந்தது.

உப்புத்தாள் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கம்பியைத் தளர்த்தி, சுற்றைப் பிரித்து, பின்னை வெளியே எடுத்து, துளைக்குள் சொரசொரப்பான உப்புத்தாள் ஒரு துண்டு வைத்து, பின்னை மறுபடி அடித்து இறக்க வேண்டும். வீட்டுக்காரர் போய்க் கடைத்தெருவில் வாங்கி வந்தார். மூன்றும் போன அந்தக் கட்டையில் ஆரம்பித்தேன். முதல் பின்னுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்தேன். நின்றது. ஐந்து நிமிடம் நின்றது. கொஞ்சம் தெம்பு வந்தது.

இரண்டாவது கம்பியை ஏற்றும்போது, துருவேறிய சுற்றில் அறுந்தது. சத்தம் கேட்டு அந்த அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். நுனி என் புறங்கையைக் கீறியிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ரத்தம் வந்தது.

“என்னாச்சு டீச்சர்?”

“ஒரு கம்பி போயிடுச்சுக்கா.”

“அந்த ஆளு…” என்று அவர் ஆரம்பித்தார். நான் கையைக் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்று. இனி ஒரு பின்னையும் கழற்றக் கூடாது என்று முடிவு செய்தேன். அறுபட வாய்ப்புள்ள கம்பிகள் இன்னும் பத்துப் பதினைந்து இருந்தன, மாற்றுக் கம்பி என்னிடம் இல்லை. வேறு ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது. சுருதி சேர்க்கும்போது தற்காலிகமாக வைக்கிற ஃபெல்ட் ஆப்புகளை, நிற்காத கம்பிகளில் நிரந்தரமாகச் செருகி அவற்றை ஊமையாக்கிவிடுவது. மிச்சமுள்ள நல்ல கம்பி மட்டும் ஒலிக்கட்டும். மூன்று கம்பி பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசும். சத்தம் குறையும், ஆனால் சுத்தமாக இருக்கும்.

அதைச் செய்து முடித்து அவளை வாசிக்கச் சொன்னேன்.

“மிஸ், இந்த ஆறு கட்டையும் ரொம்பக் கம்மியாக் கேக்குது.”

“அங்க மட்டும் கொஞ்சம் அழுத்தி வாசி. பக்கத்துல இருக்கறத மெதுவா வாசி.”

“கை பழகினது வேற மிஸ்.”

“தெரியும்மா. ரெண்டு மணி நேரம் இருக்கு.”

அவள் பழக ஆரம்பித்தாள். உதடு காய்ந்திருந்தது. விடியலுக்கு முன்னால் சாப்பிட்டது. ஒரே வரியை இருபது முறை, முப்பது முறை வாசித்தாள். அவள் உம்மா மதியத்து லுஹர் தொழப் போனபோது, கட்டையிலிருந்து கையை எடுக்காமல் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“உம்மா அந்த சாரப் பத்தி குரூப்புல போட்டது எனக்குப் பிடிக்கல மிஸ். அவரு மூணு தடவை வந்தாரு. மூணாவது தடவை யாரும் கூப்பிடவே இல்ல, அவராத்தான் வந்தாரு. சரியாகலன்னு அவருக்கே கஷ்டமா இருந்துச்சு.”

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். இப்போது சொன்னால் இவள் எப்படி வாசிப்பாள் என்று நினைத்தேன். அது உண்மைதான். ஆனால் சொல்லாமலிருக்க அப்படி ஒரு காரணம் கிடைத்ததில் எனக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அதுவும் உண்மை. “நீ வாசிம்மா” என்றேன்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பதிவு என்று முடிவாயிற்று. நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு ஆறரைக்குச் சற்று முன்னால். பள்ளிவாசல் இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தது, பாங்கு சொல்ல ஆரம்பித்தால் அதுவும் பதிவாகிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். ஜன்னல்களை அடைத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குவாளியோடு தெருவில் ஓடும் நேரம் அது. என் வீட்டுக்காரர் தானாகவே வெளியே போய்த் தெருமுனையில் நின்றுகொண்டார். வருகிற வண்டிகளை நிறுத்தி, உள்ளே ஒரு பிள்ளை பரீட்சை எழுதுது, ஹாரன் அடிக்காமப் போங்க என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததாக அந்த அம்மா ஜன்னல் இடுக்கில் பார்த்துச் சொன்னார்.

முதல் முறை, இரண்டு பாட்டு நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் ஒரு ஆப்பு நழுவி விழுந்தது. ஊமையாயிருந்த கம்பி விழித்துக்கொண்டு கிர்ரென்று அதிர்ந்தது. அவள் நிறுத்திவிட்டாள். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் இல்ல, ஆரம்பத்திலேர்ந்து எடுப்போம்” என்று அவள்தான் சொன்னாள்.

நான் எல்லா ஆப்புகளையும் மறுபடி அழுத்திச் செருகினேன். உப்புத்தாள் வைத்த கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தது, ஏற்றினேன். அவசரத்தில் இரண்டு முறை தாண்டிப்போய், திரும்ப இறக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. அலை நின்ற இடத்தில் கையை எடுத்தேன். அவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவி வருவதற்குள் ஐந்து இருபது.

மறுபடி தொடங்கினாள். நான் பியானோவின் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தேன், கேமராவில் படாத இடத்தில். எந்தக் கட்டை எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். முதல் பாட்டு. இரண்டாவது. மூன்றாவதில், உப்புத்தாள் வைத்த அந்த ஒற்றைக் கம்பிக் கட்டை வந்தது. நின்றது. இரண்டாவது முறை வந்தபோது மயிரிழை தாழ்ந்திருந்தது. மூன்றாவது முறை இன்னும் கொஞ்சம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டுவிட்டது. அடுத்த முறை அதை அழுத்தாமல், மேலே இருந்த ஸ்வரத்தைத் தூக்கிக் காட்டி இதைப் பட்டும் படாமலும் தொட்டுவிட்டுப் போனாள். நான் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிர். அதுதான் சரி.

நான்காவது பாட்டில் அந்தக் கட்டை இல்லை. முடித்துக் கையை எடுத்து, ஐந்து விநாடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா போய்ப் பதிவை நிறுத்தினார். மணி ஐந்து ஐம்பது.

வீடியோவை அனுப்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. நெட்வொர்க் இழுத்தது. பாங்கு சொல்லும்போதும் திரையில் அந்தக் கோடு முழுதாக நிரம்பவில்லை. அவர்கள் பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தார்கள். எங்களுக்கும் கிண்ணத்தில் கஞ்சியும் வடையும் வந்தன. அந்தப் பெண் ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் மறு கையில் போனுமாக இருந்தவள், “போயிடுச்சு உம்மா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொன்னதும் அவள் கண் கலங்கியது.

அந்த அம்மா முகம் மலர்ந்து என்னைப் பார்த்தார். “அல்லா உங்களுக்கு நல்ல கையக் கொடுத்திருக்கான் டீச்சர். இப்பவே குரூப்புல உங்க நம்பரப் போடறேன். இங்க இன்னும் நாலு வீட்டுல பியானோ இருக்கு.”

“போடாதீங்கக்கா.”

“ஏன்?”

என் வீட்டுக்காரர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“பியானோவக் கெடுத்தது அந்தத் திருச்சிக்காரர் இல்லக்கா. நான்தான். முதல் தடவை வந்தப்ப துருவுக்கு எண்ணெய் அடிச்சேன். அது மரத்துல ஊறிடுச்சு. அதனாலதான் கம்பி நிக்கல. அவரு அதச் சரிபண்ணத்தான் பசை விட்டிருக்காரு.”

அந்த அம்மா மகளைப் பார்த்தார், பிறகு பியானோவை.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“நாலு வருஷத்துக்கு மேல ஆகுது.”

“நாலு வருஷம்.” அவர் குரல் உயரவில்லை. “அவரு நம்பர நீங்கதானே கொடுத்தீங்க.”

“ஆமாக்கா.”

“அந்த ஸ்ப்ரேய எடுத்துக் கொடுத்தது நான்தாங்க” என்றார் என் வீட்டுக்காரர். “இவளுக்கு அப்பத் தெரியாது.”

“உங்களக் கேக்கலங்க” என்றார் அந்த அம்மா. பிறகு என்னிடம், “நோன்பு வச்ச வாயால ஒரு மனுசனப் பத்தி இல்லாததச் சொல்லியிருக்கேன். ஊர் பூராச் சொல்லியிருக்கேன். காலையில இங்க பியானோகிட்ட நின்னு சொன்னேனே, அப்பயும் நீங்க ம்னுதான் சொன்னீங்க. இத நான் யாருகிட்டப் போய்த் தீர்த்துக்கறது?”

அவர் என் போனைக் கைகாட்டினார்.

“போன் போடுங்க அவருக்கு. இப்பவே. ஸ்பீக்கர்ல போடுங்க.”

போட்டேன். நான்கைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தார். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன், எண்ணெய் அடித்ததைச் சொன்னேன், அவர் கேட்டபோது மறைத்ததைச் சொன்னேன்.

“தெரியும் மேடம்” என்றார். “முன்பலகையத் திறந்தப்பவே தெரிஞ்சிருச்சு. வளையம் வளையமா இருந்துச்சே.”

“அப்புறம் ஏன் அவங்ககிட்டச் சொல்லல?”

“உங்ககிட்டக் கேட்டேன். நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் போய் இன்னொருத்தர் மேல பழி போட்டா நம்புவாங்களா? கெடுத்தவன்தான் அப்படிப் பேசுவான்னு நினைப்பாங்க. நானே சரி பண்ணிடலாம்னு பார்த்தேன். முடியல.”

அந்த அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினார். “தம்பி, நான் பேசறேன். உங்களத் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க. எங்கெங்க சொன்னேனோ அங்கெல்லாம் மாத்திச் சொல்றேன்.”

“பரவால்லம்மா. பாப்பா பரீட்சை என்னாச்சு?”

“வாசிச்சுட்டா.”

“சரிம்மா.”

என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. போன் அணைந்தது. அந்தப் பெண் எப்போது எழுந்து உள்ளே போனாள் என்று நான் கவனிக்கவில்லை. கிளம்பும்போது அவளைப் பார்க்க முடியவில்லை. வாசல்வரை வந்த அந்த அம்மா, “பார்த்துப் போங்க” என்றார். அது அவர் பழக்கம். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

வழியில் பட்டுக்கோட்டையில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். “நான் அன்னிக்கு அந்த டின்ன எடுக்காம இருந்திருக்கணும்” என்றார். அடித்தது நான்தான், அதற்குப் பிறகு வாயைத் திறக்காமலிருந்ததும் நான்தான் என்றேன். அவர் டீக்குக் காசு கொடுக்கப் போனார். எனக்கு உடம்பு முழுதும் வலித்தது. ஆனால் நாலு வருடமாக அந்த ஊர்ப் பெயரை எங்கே பார்த்தாலும் வந்த பயம் அன்று இல்லை. அதற்காகச் சந்தோஷப்படவும் தோன்றவில்லை. எனக்குக் கனம் இறங்கியது, அந்த வீட்டில் ஏறியது.

மறுவாரம் அந்த அம்மா குரூப்பில் குரல் பதிவாகவே சொல்லியிருக்கிறார் என்று வேறொருவர் மூலமாகத் தெரிந்தது. என் பெயரைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடலோரத்தில் எனக்கு இருந்த மூன்று வீடுகளில் இரண்டு அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நோன்பு முடிந்த பிறகு திருச்சிக்காரர் அங்கே போய், துளைகளைப் பெரிதாக்கித் தடித்த பின்கள் போட்டு, நான்கு நாள் தங்கி வேலை பார்த்தார். அந்த வேலை எப்படிச் செய்வது என்று நான் பார்த்ததில்லை. கூட இருந்து உதவட்டுமா என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “வேண்டாம் மேடம்.”

ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்தப் பெண்ணே போன் செய்தாள். பரீட்சையில் தேறிவிட்டதாகவும், திருச்சியில் கல்லூரியில் சேர்ந்திருப்பதாகவும் சொன்னாள். சந்தோஷம் என்றேன். அவள் வைத்துவிடவில்லை.

“மிஸ், அன்னிக்கு ஏன் ரெக்கார்டிங்குக்கு முன்னாடி சொல்லல? நான் அந்த சாரப் பத்திச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீ வாசிக்கணுமேன்னு பார்த்தேன்மா.”

“அது மட்டும்தானா?”

“இல்ல. பயமாவும் இருந்துச்சு.”

அவள் பக்கம் யாரோ மாடிப்படியில் இறங்கும் சத்தம், பெண் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம்.

“சரி மிஸ்” என்றாள். “கிளாஸுக்கு நேரமாச்சு.”